‘சஸ்பெக்ட்’: புகார் மனு முதல் தீர்ப்பு வரை ஒரு சொல்லின் பொருள்கள்

காவல் நிலையம், நீதிமன்றம், வங்கி, அரசு மருத்துவமனை ஆகிய இடங்களிலிருந்து பொதுமக்கள் கைக்கு வரும் தாள்களில் ‘சஸ்பெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் கிளைச்சொற்களும் அடிக்கடி இடம்பெறுகின்றன. திண்டுக்கல் நகரத்துப் பூட்டுப் பட்டறை, பேகம்பூர்த் தோல் தொழில், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டைப் பூச்சந்தை, வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலை என எத்தொழிலில் இருப்பவரும் ஒரு திருட்டுப் புகார், ஒரு விசாரணை அழைப்பாணை அல்லது முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கின் வழியாக இச்சொல்லை எதிர்கொள்ள நேரலாம். தமிழில் அதனைச் ‘சந்தேகம்’ என்று பெயர்த்துவிட்டால் பொருள் விளங்கிவிட்டதாகத் தோன்றும்; ஆனால் சட்டத்தில் அச்சொல் எந்தக் கட்டத்தில், யாரால், எந்த நோக்கத்திற்காக எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் எடையும் விளைவும் மாறுகின்றன. அந்த வேறுபாடுகளை வரிசையாக விளக்கி, ஒவ்வோர் இடத்திலும் செய்யத்தக்கதையும் செய்யத்தகாததையும் எடுத்துரைப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கமாகும்.

1. சொல்லின் வடிவங்கள்

‘சஸ்பெக்ட்’ என்பது ஆங்கிலத்தில் வினையாகவும் பெயராகவும் பெயரடையாகவும் வரும். வினையாக வரும்போது இரண்டாம் அசையை அழுத்தி ஒலிப்பர்; அப்போது அது ஒருவர்மீது ஐயம் கொள்வதையோ, ஒரு செய்தி பெரும்பாலும் உண்மையாக இருக்கும் என்று கருதுவதையோ குறிக்கும். பெயராக வரும்போது முதல் அசை அழுத்தம் பெறும். அப்போது அது ஐயத்திற்கு உள்ளான ஆளைக் குறிக்கும். பெயரடையாக வரும்போது ‘நம்பத்தகாத’, ‘தரம் உறுதியாகாத’ என்ற பொருளைத் தரும். ‘சஸ்பெக்ட் டாக்குமெண்ட்’ என்று எழுதப்பட்டிருந்தால் அந்த ஆவணத்தின் உண்மைத்தன்மை கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

‘சஸ்பிஷன்’ என்பது இவ்வினையின் பண்புப்பெயர். ‘சஸ்பிஷியஸ்’ என்ற பெயரடைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஐயத்தைத் தூண்டும் ஆளையோ பொருளையோ அது குறிக்கலாம். ஐயப்படும் இயல்புடைய ஆளையும் குறிக்கலாம். ஆகவே ஒரு காவலர் ‘சஸ்பிஷியஸ்’ ஆக இருந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், அவர் எதையோ ஐயுற்றார் என்பதா, அவரே ஐயத்திற்கு இடமாக நடந்துகொண்டார் என்பதா என்பதை முன்பின் வாக்கியங்களைக் கொண்டே தீர்மானிக்க முடியும்.

தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெயர்ச்சொல்லைச் ‘சந்தேக நபர்’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் இதழ்களில் ‘சந்தேகநபர்’ என்ற சொல்லே கைதானவரைக் குறிக்கும் அன்றாட வழக்காக நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று குறிப்பது மரபு. எதிரி வேறு, சந்தேக நபர் வேறு: எதிரியின்மீது குற்றச்சாட்டு சுமத்தப்பட்டிருக்கும், சந்தேக நபர்மீது விசாரணைக்குரிய ஐயம் மட்டுமே இருக்கும்.

2. ‘டவுட்’ வேறு, ‘சஸ்பெக்ட்’ வேறு

தமிழ் வாசகர் இடறும் இடம் இதுவே. ‘சஸ்பெக்ட்’, ‘டவுட்’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அவை எதிர்த்திசைகளில் செல்பவை. ‘அவர் எடுத்தார் என்று சஸ்பெக்ட் செய்கிறேன்’ என்பவர் அவர் எடுத்திருப்பார் என்ற கருத்தை நோக்கிச் சாய்கிறார். ‘அவர் எடுத்தார் என்பதை டவுட் செய்கிறேன்’ என்பவரோ அவர் எடுத்திருக்கமாட்டார் என்ற கருத்தை நோக்கிச் சாய்கிறார். இரண்டையும் ‘அவர் எடுத்தாரா என்று சந்தேகம்’ என மொழிபெயர்த்தால், ஒருவரின் வாக்குமூலம் தலைகீழாகிவிடும்.

தமிழ் இவ்வேறுபாட்டைச் சொல்லால் காட்டுவதில்லை, உருபால் காட்டுகிறது. ‘அவர்மேல் சந்தேகம்’, ‘அவர்மீது சந்தேகம்’ என்று ஆளைச் சார்ந்து வருவது ‘சஸ்பிஷன்’. ‘அதில் சந்தேகம்’, ‘அவர் சொல்வதில் சந்தேகம்’ என்று செய்தியைச் சார்ந்து வருவது ‘டவுட்’. மனு எழுதுபவரும் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவரும் இந்த ‘மேல்’, ‘இல்’ வேறுபாட்டைக் காப்பாற்றினால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கும்.

பழந்தமிழ் இலக்கணம் ‘ஐயம்’ என்று கூறுவதும் இரண்டாவது வகையே. தொலைவில் தெரிவது மரக்கட்டையா, மனிதனா என்று துணியமுடியாமல் நிற்கும் நிலையையே தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஐயத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அங்கே எவர்மீதும் பழி இல்லை. இரண்டு முடிவுகளுக்கு நடுவே நிற்கும் அறிவு மட்டுமே உண்டு. ‘ஐயம் திரிபற’ என்ற தொடரில் நீக்கப்படுவதும் இவ்வகை ஐயமே.

நாளிதழ்ச் செய்திகளில் இவ்விரு பொருள்களும் ஒரே வழக்கின் இரு முனைகளில் வருகின்றன. வழக்கின் தொடக்கத்தில் ஒருவர் ‘சந்தேகத்தின் பேரில்’ கைதாகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுதலை செய்யப்படுகிறார். முதலாவது சந்தேகம் ‘சஸ்பிஷன்’. அது காவல்துறைக்குரியது, ஆளுக்கு எதிராக இயங்குவது. இரண்டாவது சந்தேகம் ‘டவுட்’; அது நீதிபதிக்குரியது, அரசுத்தரப்பின் கதைக்கு எதிராக இயங்குவது. குற்றவியல் நடைமுறை முழுவதும் முதலாவதிலிருந்து புறப்பட்டு இரண்டாவதைக் கடக்க முயலும் பயணமாகவே அமைந்துள்ளது.

3. சட்டத்தில் சந்தேகத்தின் படிகள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023 நடைமுறையில் உள்ளது. சுருக்கமாக இது பி.என்.எஸ்.எஸ். எனப்படும். இச்சட்டத்திலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சந்தேகம் ஐந்து படிகளாக வளர்கிறது.

முதற்படி ‘சந்தேகிக்கக் காரணம்’ என்பதாகும். பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் ஒன்று நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், காவல் நிலைய அதிகாரி புலனாய்வைத் தொடங்கலாம் என 176ஆம் பிரிவு கூறுகிறது. இங்குக் குற்றத்தைப் பற்றிய சந்தேகமே போதுமானது. குறிப்பிட்ட ஆளைப் பற்றிய சந்தேகம் தேவையில்லை.

இரண்டாம் படி ‘நியாயமான சந்தேகம்’. 35ஆம் பிரிவு கைதுக்குரிய அடிப்படைகளுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுகிறது. காவலரின் உள்ளுணர்வோ ஊரார் பேச்சோ இதற்குப் போதாது; வேறொருவர் பார்த்தாலும் ஏற்கத்தக்க ஒரு தகவலோ சூழ்நிலையோ பின்னணியில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி ‘நம்புவதற்குக் காரணம்’. நம்புவதற்குப் போதிய காரணம் இருந்தால் மட்டுமே ஒருவருக்கு இது உள்ளதாகக் கொள்ளப்படும் என்பது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டக் காலத்திலிருந்தே வரும் வரையறையாகும். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் நியாயமான சந்தேகம் மட்டுமே கைதுக்குப் போதாது. அச்சந்தேகத்தின் அடிப்படையில் அவர் குற்றம் செய்தார் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். மேலும் குற்றம் செய்வதைத் தடுக்கவோ, முறையான புலனாய்வுக்கோ, சான்றுகள் அழியாமல் காக்கவோ, சாட்சிகள் மிரட்டப்படாமல் இருக்கவோ, நீதிமன்றத்தில் அவர் முன்னிலையாவதை உறுதிசெய்யவோ கைது தேவை என்பதையும் காவலர் எழுத்தில் பதிய வேண்டும். வீட்டிற்குள் நடக்கும் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை ஏழாண்டு என்பதால், பெரும்பாலான திருட்டுச் சந்தேகங்கள் இவ்வரம்புக்குள்ளேயே அடங்கும். கைதின் தேவையை எழுத்தில் பதியும் கடமையை வற்புறுத்தியது உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு ஆர்னேஷ் குமார் தீர்ப்பாகும்.

நான்காம் படி ‘கடுமையான சந்தேகம்’. குற்றப்பத்திரிகை தாக்கலான பின், குற்றச்சாட்டு வனைவதா, எதிரியை விடுவிப்பதா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் கட்டத்தில் இவ்வளவுகோல் பயன்படுகிறது. 1978இல் பிரஃபுல்ல குமார் சமல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆவணங்கள் ஏதோ ஒரு சந்தேகத்தை மட்டும் எழுப்பி, கடுமையான சந்தேகத்தை எழுப்பாவிட்டால், நீதிபதி எதிரியை விடுவிக்கலாம் என்று விளக்கியது.

ஐந்தாம் படியில் சொல்லே மாறிவிடுகிறது. தண்டனை வழங்குவதற்கு எவ்வளவு வலுவான ‘சஸ்பிஷன்’ இருந்தாலும் போதாது. குற்றம் நியாயமான ‘டவுட்’ எதற்கும் இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் மெய்ப்பித்தலின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதிசெய்துள்ளது. உண்மையாக இருக்கலாம் என்பதற்கும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைச் சான்றுகளால் கடக்க வேண்டும் என்று 1957இல் சர்வன் சிங் வழக்கில் அந்நீதிமன்றம் கூறியது.

4. புகார் மனுவில் சந்தேகத்தை எழுதும் முறை

முதல் தகவல் அறிக்கைப் படிவத்தில் எதிரிகளின் விவரத்திற்கென உள்ள கலம் மூன்று வகையினருக்கும் பொதுவானது: தெரிந்தவர், சந்தேகிக்கப்படுபவர், தெரியாதவர். புகார்தாரர் எழுதும் மனுவே இக்கலத்தை நிரப்புவதால், சந்தேகத்தை உறுதியாகவும் உறுதியைச் சந்தேகமாகவும் எழுதிவிடாமல் இருப்பது முக்கியம்.

எடுத்துக்காட்டாக, ஒரு பூட்டுப் பட்டறையில் பித்தளைத் தகடுகள் காணாமல் போனதாகக் கொள்ளலாம். ‘வேலைக்கு வந்த பையன்தான் திருடிவிட்டான்’ என்று எழுதுவது கண்ணால் கண்டவர் மட்டுமே எழுதத்தக்க வாக்கியம். மாறாக, பட்டறை எந்நேரத்தில் பூட்டப்பட்டது, மறுநாள் எந்நேரத்தில் திறக்கப்பட்டது, சாவிகள் யார் யாரிடம் இருந்தன, எவ்வளவு சரக்கு குறைந்தது, அதற்கு இருப்புப் பதிவேடு உண்டா, கதவு உடைபட்டிருந்ததா ஆகியவற்றை முதலில் எழுதி, அதன்பின் ‘சாவி வைத்திருந்த இன்னார் அன்று முதல் வேலைக்கு வரவில்லை, அக்காரணத்தால் அவர்மீது சந்தேகம் உள்ளது’ என்று தனி வாக்கியமாக எழுதினால், நடந்த செய்தியும் புகார்தாரரின் ஊகமும் பிரிந்து நிற்கும். சந்தேகத்திற்கான காரணம் இல்லாவிட்டால் ‘எவர்மீதும் குறிப்பிட்ட சந்தேகம் இல்லை’ என்று எழுதுவதால் மனு வலுவிழக்காது.

ஒருவர் பொய் என்று அறிந்தே பிறர்மீது குற்றம் சுமத்தினால், இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217, 248ஆம் பிரிவுகளின்படி அவரே வழக்கை எதிர்கொள்ள நேரிடும். ஆனால் நல்லெண்ணத்துடன் உரிய அதிகாரியிடம் சந்தேகத்தைத் தெரிவிப்பது அவதூறாகாது. அவதூறு பற்றிய சட்டமே அதற்கு விலக்களிக்கிறது. அதே சந்தேகத்தைத் தெருவிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பெயரும் படமும் சேர்த்துப் பரப்புபவருக்கு இவ்விலக்கு கிடைக்காது.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் சி.எஸ்.ஆர். என்ற ரசீது தரப்படும். இது முதல் தகவல் அறிக்கைக்கு ஈடாகாது என்பதைப் புகார்தாரர் அறிந்திருக்க வேண்டும். பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைத் தகவல் வெளிப்படுத்தினால் வழக்குப் பதிவது கட்டாயம் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த பி.என்.எஸ்.எஸ். இடம்தருகிறது. வழக்குப் பதிய மறுக்கப்பட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் மனு அனுப்பலாம்; அதற்கும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

5. சந்தேகத்தின் பேரில் அழைக்கப்படுபவர் அறிய வேண்டியவை

‘விசாரணைக்கு வரச் சொல்லுதல்’ என்ற பேச்சுவழக்கு சட்டத்தில் இரண்டு வேறு அழைப்புகளை மூடிவிடுகிறது. பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவின்படி அனுப்பப்படும் அழைப்பு சாட்சிக்குரியது. 35ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி அனுப்பப்படும் அறிவிப்பு சந்தேகத்திற்கு உள்ளானவருக்குரியது. ஆகவே அழைப்பைப் பெறுபவர் எப்பிரிவு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்கு உட்பட்டோர், அறுபது வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரையும் சாட்சிகளாக விசாரிக்க வேண்டுமாயின், அவர்கள் வசிக்கும் இடத்திற்கே காவலர் செல்ல வேண்டும் என்பது விதி.

35ஆம் பிரிவு அறிவிப்பைப் பெற்றவர் அதன்படி முன்னிலையாகி ஒத்துழைத்துவரும் வரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் அவரைக் கைதுசெய்ய முடியாது. அறிவிப்பைப் புறக்கணிப்பது கைதுக்கு வழிவகுக்கும். எனவே நேரில் செல்ல இயலாதபோது காரணத்தை எழுதி அனுப்பி, அதற்குச் சான்று வைத்துக்கொள்வது நன்று. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில், அறுபது வயதைக் கடந்தவரையோ உடல்நலம் குன்றியவரையோ துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியின்றிக் கைதுசெய்யக் கூடாது.

கேள்விகளுக்கு உண்மையாக விடையளிப்பது கடமை. ஆயினும் தம்மையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு விடையளிக்காமல் இருக்க அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் கூறு உரிமை தருகிறது. இவ்வுரிமை காவல் நிலைய விசாரணையின்போதே தொடங்குகிறது என்பதை 1978இல் நந்தினி சத்பதி வழக்கு நிலைநாட்டியது. இசைவின்றி உண்மை கண்டறியும் சோதனைகளுக்கு ஒருவரை உட்படுத்தலாகாது என 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பானது. காவலரிடம் அளிக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் பெறக் கூடாது என்பதும் சட்டமே. கைதானவருக்குக் கைதுக்கான காரணம் கூறப்பட வேண்டும், அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரப்பட வேண்டும், விசாரணையின்போது அவர் வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்கப்பட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவர் நடுவர்முன் கொண்டுசெல்லப்பட வேண்டும். இவற்றை 1996ஆம் ஆண்டின் டி.கே. பாசு தீர்ப்பு வற்புறுத்தியது.

இவற்றுக்கு அப்பால், குற்றம் எதுவும் நடக்காமலேயே ஒருவர் சந்தேகத்திற்கு உள்ளாகும் வகையும் உண்டு. பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் செய்யும் நோக்கில் ஒருவர் தம்மை மறைத்துக்கொள்கிறார் என்று தகவல் கிடைத்தால், நன்னடத்தைக்கான பிணைப்பத்திரம் எழுதித்தரும்படி நிர்வாக நடுவர் அவரைக் கேட்கலாம் என 128ஆம் பிரிவு கூறுகிறது. பழைய சட்டத்தின் 109ஆம் பிரிவான இது, பேச்சுவழக்கில் ‘சந்தேக கேஸ்’ எனப்படும். இது தண்டனை ஆகாது. பிணைப்பத்திரத்தின் காலம் ஓராண்டுக்கு மிகாது.

6. சந்தேக மரணம்

‘சந்தேக மரணம்’ என்ற தலைப்பில் வழக்குப் பதிவானால், யாரோ கொன்றுவிட்டதாகக் காவல்துறை முடிவு செய்துவிட்டது என்று குடும்பத்தார் எண்ணிவிடுவது உண்டு. தற்கொலை, விபத்து, விலங்கு அல்லது எந்திரத்தால் நேர்ந்த இறப்பு, பிறர் குற்றம் செய்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழுப்பும் இறப்பு ஆகிய அனைத்தும் 194ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. இறப்பின் வெளிப்படையான காரணத்தைக் கண்டறிவது மட்டுமே அவ்விசாரணையின் நோக்கம். கிணற்றில் விழுந்தோ மின்சாரம் தாக்கியோ இறந்தவர் குறித்தும் இதே பிரிவில்தான் அறிக்கை பதிவாகும். உடற்கூறாய்வு அறிக்கையோ உள்ளுறுப்பு மாதிரிகளின் தடய அறிவியல் ஆய்வு முடிவோ வேறு காரணத்தைக் காட்டினால் வழக்கின் பிரிவு மாற்றப்படும். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்திற்கிடமான முறையில் இறந்தாலோ உடற்கூறாய்வு தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இத்தகைய மரணத்தை விசாரிக்கிறார். இதுவே மக்கள் வழக்கில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ எனப்படுகிறது. குடும்பத்தார் தங்கள் ஐயங்களை இவ்விசாரணையிலேயே எழுத்துமூலம் பதிவுசெய்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

7. வங்கியிலும் வணிகத்திலும்

கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, ‘சஸ்பிஷியஸ் டிரான்ஸாக்‌ஷன்’, அதாவது சந்தேகத்திற்கிடமான பரிவர்த்தனை குறித்து, வங்கிகள் 2004இல் அமைக்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இவ்வறிக்கைக்குத் தொகை வரம்பு கிடையாது. வாடிக்கையாளரின் தொழிலுக்குப் பொருந்தாத வரவோ, பொருளியல் காரணம் புலப்படாத பரிமாற்றமோ போதுமானது. இத்தகைய அறிக்கை அனுப்பப்பட்டதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வங்கி ஊழியருக்குத் தடை உண்டு. ஆகவே ஒட்டன்சத்திரத்திலோ நிலக்கோட்டையிலோ பருவகாலத்தில் பெருந்தொகையை ரொக்கமாகச் செலுத்தும் மண்டிக்காரர், அறிக்கை அனுப்பப்பட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, மண்டிச் சிட்டை, சரக்குப் பதிவேடு, வரிக் கணக்கு ஆகியவற்றைச் சீராக வைத்திருப்பதே பயன்தரும்.

இதனினும் அடிக்கடி நேர்வது கணக்கு முடக்கம். திருட்டுச் சொத்து என்று சந்தேகிக்கப்படுவதையோ, குற்றம் நடந்ததாகச் சந்தேகம் எழுப்பும் சூழலில் காணப்படுவதையோ கைப்பற்றக் காவலருக்கு பி.என்.எஸ்.எஸ். 106ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வங்கிக் கணக்கும் இதில் அடங்கும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நிலை. வேறு மாநிலத்தில் இணைய மோசடியில் பறிக்கப்பட்ட பணம் பல கைகள் மாறி, சரக்கின் விலையாக ஒரு வணிகரின் கணக்கில் சேர்ந்தால், அவர் எக்குற்றமும் அறியாமலேயே கணக்கு முடங்கலாம். அப்போது வங்கிக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, எந்தக் காவல் நிலையம் எந்தப் புகார் எண்ணில் எவ்வளவு தொகைக்காக முடக்கக் கோரியது என்ற விவரத்தைப் பெற வேண்டும். பின்னர் விற்பனைச் சீட்டையும் சரக்கு அனுப்பிய சான்றையும் இணைத்து அந்த நிலையத்திற்கு விளக்கம் அனுப்ப வேண்டும். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து எஞ்சியதை விடுவிக்கும்படி கோர வேண்டும். பயனில்லையெனில் உரிய நடுவர் நீதிமன்றத்தையோ, திண்டுக்கல் மாவட்டத்திற்கும் அதிகாரவரம்பு கொண்ட, 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையையோ அணுகலாம். மோசடியில் பணத்தை இழந்தவர் அழைக்க வேண்டிய எண் 1930.

8. பிறப்பின்மீது விழுந்த சந்தேகம்

சந்தேகம் செயலை விட்டுப் பிறப்பைப் பற்றிக்கொண்டால் என்ன நேரும் என்பதைத் திண்டுக்கல் சமவெளி அறிந்த வரலாறே காட்டுகிறது. 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டமாவதற்கு முன் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1871இல் வடஇந்தியாவில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி இயற்றப்பட்டபின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அடுத்த ஆண்டுகளில் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் சமூகம் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டது.

ஒரு குலமோ கூட்டமோ பிணையில் விடத்தகாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கமுடையது என்று ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால் அரசு அதனைக் குற்றப் பரம்பரையாக அறிவிக்கலாம் என்பதே இச்சட்டத்தின் அடிப்படை விதி. மேலே மூன்றாம் படியாகக் காட்டப்பட்ட அதே தொடர் இங்கு ஒரு தனிமனிதனை விட்டு ஒரு சமூகம் முழுவதையும் சுட்டியது. அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி எழுப்பக் கூடாது, அறிவிப்பே முடிவான சான்று என்றும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ‘சஸ்பிஷன்’ சட்டமாகவும், அதனை எதிர்க்க வேண்டிய ‘டவுட்’ தடைசெய்யப்பட்டதாகவும் அமைந்த ஏற்பாடு இது. பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை தந்தனர், இரவுகளைக் காவல் நிலையத்தின் கண்காணிப்பில் கழித்தனர், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு பெற்றனர். மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் பதிவுக்கு உடன்பட மறுத்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் சட்ட நீக்கத்திற்காகப் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. அச்சமூகங்கள் இன்று ‘சீர்மரபினர்’ எனப்படுகின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அக்காலத்தின் எச்சமாக நிலைத்துள்ளன.

சமூகத்தின் பெயரால் பதிவேடு வைப்பது நின்றாலும் தனிநபர்களுக்கான ‘ஹிஸ்டரி ஷீட்’ தொடர்கிறது. நாளிதழ்கள் இதனைச் ‘சரித்திரப் பதிவேடு’ என எழுதும். ‘கேடி’ என்ற தெருச்சொல்லும் பழைய காவல் பதிவேட்டின் இரண்டெழுத்துச் சுருக்கமே என்பர். இப்பதிவேட்டில் பெயர் இருப்பது ஒருவர்மீதான புதிய குற்றச்சாட்டுக்குச் சான்றாகாது. இரவில் வீடு புகுந்து கண்காணிக்கும் முறையை 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. நெடுங்காலமாக வழக்கெதுவும் இல்லாதவர் தம் பெயரை நீக்கக் கோரிக் காவல் கண்காணிப்பாளரிடம் மனு அளிக்கலாம். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

9. ‘சந்தேகத்தின் பலன்’ தரும் விடுதலை

சாட்சியச் சட்டம் ஒரு செய்தியை மூன்று நிலைகளில் வைக்கிறது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. சந்தேகத்தின் பலனால் கிடைக்கும் விடுதலை மூன்றாவது நிலையைச் சார்ந்தது. தண்டனையைப் பொறுத்தவரை இதுவும் முழு விடுதலையே. ஆனால் அரசுப் பணியைப் பொறுத்தவரை வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் குற்றவழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார்; இதனைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் ஏற்றது. ஆகவே சீருடைப் பணியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் மூன்றைச் செய்ய வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று, விடுதலைக்கான காரணமாக நீதிபதி எழுதியுள்ள சொற்களைப் படிக்க வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காமல் குறிப்பிட வேண்டும், ஏனெனில் மறைத்தல் தனிக் குறையாகும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு அவதார் சிங் தீர்ப்பு விளக்குகிறது. வழக்கு நடக்கும்போதே, சான்று ஏதுமில்லை என்ற தெளிவான விடுதலையைக் கோரி வாதிடும்படி வழக்கறிஞரிடம் கூற வேண்டும்.

10. தாளைப் படிக்கும் முறை

எந்தத் தாளில் இச்சொல்லைக் கண்டாலும் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: சந்தேகிப்பவர் யார், எந்தச் செயலைப் பற்றி, எந்தக் காரணத்தால், எந்தச் சட்டப் பிரிவின்படி. நான்கிற்கும் விடை உள்ள சந்தேகத்திற்கு விளக்கம் அளிக்க முடியும். விடையில்லாத சந்தேகத்தை எதிர்த்து மனு அளிக்க முடியும். சந்தேகத்திற்கு விசாரணையைத் தொடங்கிவைக்கும் தகுதி மட்டுமே உண்டு, முடித்துவைக்கும் தகுதி கிடையாது. இதனைக் காவலரும் புகார்தாரரும் செய்தியாளரும் ஒருசேர மனத்திற்கொள்ள வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்களும், வருமான வரம்பின்றிப் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோரும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.